மாமி காப்பாற்றிய கறி

எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் வாங்குவதில்லை. அதன் வாசனை எனக்கு ஆகாது என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வாசனையாவது மண்ணாவது. அதைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும், அவ்வளவுதான். ஒரு காய்மேல் என்ன ஆத்திரம் என்று கேட்டால், ஆள்மேல் காட்ட முடியாததைக் காய்மேல்தானே காட்ட முடியும்? நான் கோபப்பட வேண்டிய ஆட்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். அதில் ஒருத்தி நானே.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோட்டக்குப்பத்தில் வீடு. அத்தா வளைகுடாவில், வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் தங்கும் ஒரு கேம்ப்பில் சமையல்காரர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார். எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீடுகளில் அத்தாமார்கள் போனுக்குள்தான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு அத்தாவின் குரல் கேட்கும், எல்லா அத்தாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: சாப்டியா, நல்லா படிக்கிறியா.

எங்கள் அத்தா அந்தத் தடவை கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தார். எனக்கு சைக்கிள் வாங்கித்தரச் சொல்லி அம்மாவுக்குப் பணம் அனுப்பிவிட்டு, "நான் வந்துதான் ஓட்டக் கத்துக் குடுப்பேன், வேற யாரும் புடிக்கக் கூடாது" என்று போனில் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். சைக்கிள் வந்து நாலு மாதம் வராந்தாவில் நின்றது. தெருவில் எத்தனையோ பேர் கற்றுத்தர வந்தார்கள். யாரையும் தொட விடவில்லை நான். தினம் துடைப்பேன், பெல் அடிப்பேன், அதோடு சரி.

அத்தா பக்ரீதுக்கு ஐந்து நாள் முன்னால் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறக்கும்போது வழக்கம்போல் வீடு நிறைய ஆட்கள். சோப்பு, தைலம், பால்பவுடர், சாக்லேட் எல்லாம் கைமாறிக்கொண்டிருந்தன. பெட்டியின் மூலையில் துண்டில் சுற்றி ஒரு பாக்கெட் இருந்தது. பிரித்துப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் தூள். சர்பத் தூள் என்றே நினைத்தேன். விரலை நனைத்துத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். அத்தா பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"வாயில வச்சா செத்துப்போயிடுவே" என்றார்.

அதுவரை அத்தா என்னை அடித்ததே இல்லை. நல்ல குணம் என்று சொல்லமாட்டேன், அடிக்குமளவுக்கு எங்களோடு இருந்ததில்லை. அத்தனை பேர் நடுவில் வாங்கிய அடி. எனக்குச் சின்ன வயதிலேயே மூக்குமேல் கோபம். சாக்லேட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு எழுந்து போனேன். யாரும் பின்னால் வரவில்லை.

அந்தத் தூள் என்ன, எதற்கு வந்தது என்பதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது. ஏதோ சண்டையில் அம்மா வாய்தவறிக் கொட்டினார். ஆனால் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். குயிலாப்பாளையத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி விருந்தினர் விடுதி தொடங்க இருந்தார்கள். பத்து அறை, கூடவே ஒரு சாப்பாட்டுக்கூடம். அதற்குத் தங்கள் ஊர்ச் சமையல் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே தோட்ட வேலை பார்த்த அத்தாவின் சிநேகிதர் இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சின்ன வயதில் வீட்டில் சாப்பிட்ட ஒரு பண்டம் உண்டாம், உப்புநீரில் ஒரு வாரத்துக்குமேல் ஊறிய மாட்டுக்கறியை முட்டைக்கோஸோடு வேகவைத்தது. கார்ன்ட் பீஃப் என்று பெயர். உனக்குத் தெரியுமா என்று போனில் கேட்டிருக்கிறார். அத்தாவுக்குத் தெரியாதா? கேம்ப்பில் மாதம் இரண்டு தடவை அண்டா அண்டாவாகச் செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அன்றைக்கு ஊரிலிருந்து எங்கள் ஆட்கள் வருகிறார்கள், பத்துப் பேருக்குச் செய்து கொண்டுவா, சரியாக வந்தால் வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் அத்தா திரும்பிப் போக வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் கறி ரோஸாக வெந்து வருவதற்குத்தான் அந்த உப்பு. இங்கே கிடைக்காது என்று கேம்ப்பிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். கொஞ்சம் கூடிப்போனால் ஆளைக் கொல்லும் என்பது உண்மைதான்.

இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, சொந்தத்துக்குச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? கண்ணு பட்டுவிடுமாம். எங்கள் குடும்பத்தில் நல்ல காரியம் எதையும் நடப்பதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முன்பு மாமியின் மகனுக்கு விசா வந்தபோது தெரு முழுக்கச் சொல்லி இனிப்புச் சீரணி பங்கிட்டார்கள், மறுவாரமே அது ரத்தாகிப்போனது. அன்றிலிருந்து அம்மாவுக்கு இது ஒரு சட்டமாகிவிட்டது. அதிலும் மாமி காதில் விழவே கூடாது. மாமி என்றால் அத்தாவின் அக்கா, பக்கத்துத் தெரு. அத்தாவைத் தூக்கி வளர்த்தவர், அதனால் எங்கள் வீட்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார், எந்தப் பாத்திரத்தை வேண்டுமானாலும் திறப்பார். அவரிடம் ஒரு சேதி போனால் அஸர் தொழுகைக்குள் ஊருக்கே போய்விடும்.

பக்ரீத் வந்தது. ஏழு பேர் சேர்ந்து ஒரு மாடு அறுக்கும் கூட்டுக் குர்பானியில் எங்கள் பங்கை மூன்றாகப் பிரித்தார்கள். ஏழைகளுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டுப் பங்கில் நெஞ்சுக்கறியை மட்டும் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் அத்தா. உப்பு, சர்க்கரை, மிளகு, பிரிஞ்சி இலை, கடுகு எல்லாம் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ரோஸ் உப்பை மட்டும் மாமா ஒருவரின் நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கலந்தார். பெரிய எவர்சில்வர் அடுக்கில் கறியைப் போட்டு, மேலே தட்டு வைத்து, தட்டின்மேல் அம்மியின் குழவியை வைத்து அமுக்கி, பிரிட்ஜுக்குள் ஏற்றினார்.

பக்ரீத் சமயத்தில் எங்கள் பிரிட்ஜ் எங்களுடையது இல்லை. பிரிட்ஜ் இல்லாத வீடுகளின் கறியெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். அத்தா எல்லாக் கவரையும் வெளியே எடுத்து வைத்துவிட்டார். துபாய்க்காரருக்கு மப்பு ஏறிடுச்சு என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள், எங்களுக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். என் தண்ணீர் பாட்டில்களும் வெளியே வந்தன. அந்த வெயிலில் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நான் அந்த அடுக்கை முறைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் அத்தா கறியைப் புரட்டிப் போடுவார். பிறகு இரவல் பைக்கை எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் போய்விடுவார், அங்கே அடுப்பு எங்கே வைப்பது, அண்டா என்ன அளவு என்று யோசனை சொல்ல. இருட்டும் நேரத்துக்கு வந்து மறுபடி கறியைப் புரட்டுவார். சைக்கிளைக் கேட்டால் நாளைக்கு என்பார். ஒருநாள், இதை ஒரேயடியாகச் சமைத்துத் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா நடுவுல உப்பு ஏறாது பாப்பா" என்றார். "அறுத்துப் பாத்தா உள்ள சாம்பலாட்டம் நிக்கும். பத்து நாளு ஆகணும், ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு மாட்டுக்கறிக்குப் பத்து நாள் கொடுக்கிறவர் எனக்கு ஒரு மணி நேரம் கொடுக்கமாட்டேன் என்கிறார். என் ஒன்பது வயது மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கறி ஊறி எட்டாம் நாள், வியாழக்கிழமை, திண்டிவனத்தில் சித்திக்குக் குழந்தை பிறந்த சேதி வந்தது. அம்மாவும் அத்தாவும் பைக்கில் கிளம்பினார்கள். எனக்குப் பள்ளிக்கூடம். மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவோம் என்று மாமியைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அத்தா என்னிடம், பிரிட்ஜை அடிக்கடித் திறக்காதே என்று மட்டும் சொன்னார். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர்கள் தெருமுனை திரும்பினார்களோ இல்லையோ, நான் மாமியிடம் போய், அத்தா பிரிட்ஜில் இருக்கும் கறியில் விஷத்தைக் கலந்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன்.

அறியாப் பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இங்கே எழுதலாம். அப்படி இல்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன். அந்த அடுக்கு பிரிட்ஜைவிட்டு வெளியே போக வேண்டும், என் அத்தா எனக்கு வேண்டும். மாமி நம்பவில்லை. தின்றால் செத்துப்போவேன் என்று அத்தாவே சொன்னாரே, நீங்களும் இருந்தீர்களே என்றேன். மாமிக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்து போய் அடுக்கை இறக்கித் திறந்து பார்த்தார். கறி வெளுத்துச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தண்ணீர் வழவழவென்று இருந்தது. உப்பில் ஊறுகிற கறி அப்படித்தான் இருக்கும், வேகும்போதுதான் ரோஸ் நிறம் ஏறும். அது மாமிக்கு எப்படித் தெரியும்?

குப்பையில் கொட்டியிருந்தாலும் கொட்டியிருப்பார். ஆனால் அது குர்பானிக் கறி, வீணாக்கினால் பாவம். அதுவும் இல்லாமல், பக்ரீத் கழிந்த நாட்களில் எங்கள் பக்கத்து மாடிகளில் எல்லாம் துணி காயும் கொடியில் கறி காயும். மிஞ்சிய கறியை உப்புக்கண்டம் போடாத வீடு கிடையாது. மாமிக்கு அதில் தேர்ந்த கை. உப்புநீரை முருங்கை மரத்தடியில் கொட்டினார். மிச்சமிருந்த ரோஸ் உப்பைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விட்டார். கறியை ஏழு தண்ணீரில் அலசினார். அரிவாள்மனையில் வாராக அறுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறிக் கோணி ஊசியில் கோத்தார். நூலின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். உப்பு நன்றாகவே பிடித்திருக்கிறது, இதுவரைக்கும் நல்ல வேலை பண்ணியிருக்கிறான் என்று தம்பியைப் பாராட்டக்கூடச் செய்தார். மறுநாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மாடியில் குச்சியோடு உட்கார்ந்து நாள் முழுக்கக் காக்கா ஓட்டினேன். என் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் பிரிட்ஜில் வரிசையாக அடுக்கிவிட்டிருந்தேன்.

சாயங்காலம் வந்த அத்தா முதலில் பிரிட்ஜைத்தான் திறந்தார். கொஞ்ச நேரம் என் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாடியிலிருந்து மாமி குரல் கொடுத்தார். மேலே போனோம்.

"தம்பி, நீ அங்க போயி என்னாத்த கத்துக்கினு வந்தியோ தெரியல" என்றார் மாமி. "குர்பானிக் கறிய ஊறப்போட்டு நாசம் பண்ணிக்கினு இருந்தே. பாப்பா சொல்லித்தான் தெரிஞ்சுது, நாந்தான் காப்பாத்தினேன்."

அத்தா ஒரு வாரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. அம்மா பையைக் கீழே வைக்காமல் அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், சொல்லாதே என்று.

"சரிக்கா" என்றார். "நல்லா பண்ணியிருக்கே."

அந்தச் 'சரிக்கா' மேல் எனக்கு இன்றைக்கும் தீராத கோபம். கத்தியிருக்க வேண்டாமா? கொடியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டாமா? இரண்டு வருடம் பாலைவனத்தில் கிடந்து ஒரு மனிதன் யோசித்து வைத்திருந்ததை ஒரே மத்தியானத்தில் வாராக அறுத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், இவர் நல்லா பண்ணியிருக்கே என்கிறார். வளர்த்த அக்காவாம், மனசு நோகக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம், நடந்தாலும் நடக்கும், அதுவரைக்கும் வாய் திறக்கக் கூடாதாம். கண்ணு பட்டுவிடும் என்று மூடி மூடி வைத்தார்களே, யார் கண்ணும் படவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமியே அந்த அடுக்குக்குக் காவல் இருந்திருப்பார். நானும் இருந்திருப்பேன். அத்தா இனிமேல் வீட்டிலேயே இருப்பார் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், என் பாட்டில் என்ன, பள்ளிப் பையைக்கூட அந்த பிரிட்ஜுக்காக விட்டுக்கொடுத்திருப்பேன்.

ஞாயிறுக்கு நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. புதுக் கறி வாங்கலாம், பத்து நாள் எங்கே வாங்குவது? உப்பும் இல்லை. அத்தா கொடியிலிருந்து வார்களை உருவி ராத்திரியெல்லாம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தார். ஞாயிறு விடியலில் அடுப்பை மூட்டி, சின்னத் தீயில் மூன்று மணி நேரம் வேகவிட்டார். தண்ணீர் மஞ்சளாகவேதான் கொதித்தது. அம்மா முட்டைக்கோஸைப் பொரியலுக்கு அரிவதுபோல் பொடிப்பொடியாக அரியத் தொடங்கினார். அத்தா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அரியக் கூடாது. நாலா பொளந்தா போதும்."

"மாட்டுக்குப் போடறாப்பல" என்றார் அம்மா. பிளந்த துண்டுகளை உருளைக்கிழங்கோடு கடைசி இருபது நிமிடத்துக்கு அத்தா உள்ளே இறக்கினார். வீடு முழுக்க அந்த வாசனை ஏறியது. கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் அம்மா. எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன். உண்மையில் என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

குயிலாப்பாளையத்தில் முந்திரி மரங்களுக்கு நடுவில் அந்த வீடு. நீள மேசை. அந்த அம்மாள் மூடியைத் திறந்தார். முகத்தில் ஏதோ வந்து போயிற்று, உடனே சிரித்துவிட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள். காரம் ஏறி முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள். உயரமான ஒரு கிழவர் இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். தட்டெல்லாம் காலி. அந்த அம்மாள் என் தலையைத் தடவி, ரொம்ப நல்லா இருக்கு என்று தமிழில் சொன்னார். அத்தாவை மரத்தடிக்குக் கூட்டிப்போய் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். கடைசியில் அவர் தோளைத் தட்டினார். எனக்கு ஒரு துண்டு கேக் கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ருசியாக இருந்தது என்றார்களே தவிர, அந்த அம்மாள் கேட்டது அதுவல்ல. அவர்கள் நல்லவர்கள்தான். கேட்டது வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். தட்டை அப்படி வழித்துச் சாப்பிட்டிருக்க வேண்டாம், அவ்வளவுதான் எனக்கு.

காலிப் பாத்திரம் மடியில் கிடக்க, பைக்கில் திரும்பினோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

"பாத்தீங்களா அத்தா? மாமி பண்ணதுதான் அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நல்லவேளை அறுத்துப் போட்டாங்க. உங்க கறியக் குடுத்திருந்தா துப்பியிருப்பாங்க."

"ஆமா பாப்பா" என்றார் அத்தா.

அத்தா அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தக் கேம்ப்பில் இருந்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார், முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி. அடுப்படிப் பக்கம் வருவதில்லை. மாமியோ இன்றைக்கும் பக்ரீதுக்குப் பக்ரீத், ஒருதடவை விஷக்கறியை அலசி வெள்ளைக்காரர்களுக்கே கொடுத்தனுப்பிய கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். அத்தா சிரித்துக்கொண்டு கேட்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆனால் அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை. சாயங்காலம், நான் கேட்காமலே, அத்தா வராந்தாவிலிருந்து சைக்கிளை இறக்கினார். கடற்கரைக்குப் போகும் ரோட்டில் என்னை ஏற்றி, சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். ஒரு ரவுண்டு, இரண்டு ரவுண்டு. மற்ற பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறவர்கள் கொஞ்ச தூரத்தில் கையை எடுத்துவிடுவார்கள், விழுந்தால்தான் பழகும். இவர் எடுக்கவே இல்லை. என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் மதகில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"விடுங்க அத்தா. விட்டாத்தான் வரும்."

"இன்னொரு ரவுண்டு பாப்பா" என்றார்.

எத்தனை ரவுண்டு என்று நினைவில்லை. இருட்டிவிட்டது. கை சீட்டைவிட்டு எழவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், அத்தாவுக்குச் சைக்கிள் கத்துக் குடுக்கவே தெரியல, விடாம புடிச்சிக்கினே இருக்காரு என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா காலையில் முட்டைக்கோஸ் வெந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு திரும்பி என் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தார். எதற்கு அடி என்று எனக்குப் புரியவே இல்லை.